‘கிளியர்’ கொடுத்த பின்னும் மிஞ்சுவது

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் அட்டையின் நகலைக் கண்டவர்களிடம் நீட்டாதீர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரைக் கொடுங்கள் என்றது. கூடவே இன்னொரு வரியும் இருந்தது. பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினிகளில் இ-ஆதாரை இறக்குவதைத் தவிருங்கள். இறக்கியே ஆக வேண்டுமென்றால், வேலை முடிந்ததும் அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பிரதிகளையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள்.

இரண்டே நாளில் அந்தக் குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. சமூக ஊடகங்களில் பரவிய வேகத்தில் மக்கள் மிரண்டுபோனார்கள். ஹோட்டலில் கொடுத்த ஜெராக்ஸ் என்ன ஆனதோ, சிம் கார்டு வாங்கிய கடையில் கொடுத்தது எங்கே கிடக்கிறதோ என்ற கேள்விகள் எழுந்தன. மே 29 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. குறிப்பைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருப்பதால் அது விலக்கிக்கொள்ளப்படுகிறது, வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதும் என்பது அதன் சாரம்.

நகலை யாரிடம் கொடுக்கலாம் என்ற வாதத்தில் பொதுக் கணினி பற்றிய அந்த ஒரு வரி அடிபட்டுப் போனது. தொழில்நுட்ப நோக்கில் பார்த்தால், குறிப்பிலேயே மிகவும் உருப்படியான வரி அதுதான்.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரின் எந்தப் பகுதிக்குப் போனாலும் ‘சைபர்’ என்று பலகை மாட்டிய ஒரு சின்னக் கடை இருக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ரயில் டிக்கெட், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கையில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் பிரின்ட் எடுக்கவும் அரசுப் படிவத்தை நிரப்பவும் அந்த மேஜைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. “அண்ணா, என் மெயில்ல இருக்கு, நீங்களே திறந்து எடுத்துக்கோங்க” என்று வாடிக்கையாளர் பாஸ்வேர்டைச் சொல்ல, கடைக்காரர் தட்டச்சு செய்ய, வரிசையில் நிற்கும் நாலு பேர் காதிலும் அது விழும். பிரின்ட் வந்ததும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கணினியில் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று யோசிக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

பொதுக் கணினிக்கும் பெங்களூருக்கும் உறவு பழையது. 1995 ஆகஸ்டில், அப்போது அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. மறு ஆண்டே பிரிகேட் சாலையில் முதல் கஃபே காபி டே, காபியோடு இணையத்தையும் சேர்த்து விற்கும் கடையாகத் தொடங்கியது. இந்தியாவின் முதல் சைபர் கிரைம் காவல் நிலையம் வந்ததும் இதே ஊரில்தான், 2001-ல். ஆதார் எண்ணை எதிர்த்து 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் படியேறிய ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமியும் பெங்களூருக்காரர். அவர் தொடுத்த வழக்கில்தான், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

அந்த உரிமையைக் காத்துக்கொள்ளச் சாதாரண மனிதருக்கு அன்றாடம் சொல்லப்படும் ஒரே வைத்தியம், ‘கேஷைக் கிளியர் பண்ணிடுங்க’ என்பதுதான். பக்கம் திறக்கவில்லையா, கேஷைக் கிளியர் பண்ணு. கணினி மெதுவாக ஓடுகிறதா, அதையே பண்ணு. யாராவது வேவு பார்ப்பார்களோ என்று பயமா, அதற்கும் அதுவே. ஒரு மருந்து இத்தனை நோய்க்கும் கேட்குமா என்பதை அறிய, முதலில் கேஷ் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும்.

ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது எழுத்து மட்டும் வருவதில்லை. மேலே இருக்கும் லோகோ, படங்கள், எழுத்துரு, பக்கத்தின் வண்ணத்தையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் கோப்பு, பின்னால் ஓடும் ஸ்கிரிப்டுகள் என்று பல துண்டுகள் தனித்தனியாக வந்து சேர்கின்றன. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இறக்கினால் டேட்டாவும் வீண், நேரமும் வீண். ஆகவே பிரவுசர் அவற்றைக் கணினியின் வட்டிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. இந்தச் சேமிப்புதான் கேஷ். எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை சர்வரே சொல்லி அனுப்பும். காலம் முடிந்த பிரதி என்றால் பிரவுசர் தூக்கிப் போட்டுவிடாது. ‘என்னிடம் இந்தப் பிரதி இருக்கிறது, ஏதாவது மாறியிருக்கிறதா?’ என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற குறியீட்டை மட்டும் பதிலாக அனுப்பும். பழைய பிரதியே மறுபடி திரைக்கு வரும்.

விண்டோஸ் கணினியில் குரோம் பயன்படுத்துபவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குரோம் தன் தரவுகளைப் போட்டு வைக்கும் ஃபோல்டருக்குள் ‘கேஷ்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்தால் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எண்களாக நீளும் பெயர்களோடு வரிசையாகக் கோப்புகள். எதற்கும் பின்னொட்டு இல்லை. பார்த்தால் ஏதோ குப்பை மாதிரித்தான் தெரியும். அவற்றில் ஒன்றைப் பிரதியெடுத்து, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ‘ஜேபெக்’ பின்னொட்டும் சேர்த்துத் திறந்து பார்த்தால், அது படக் கோப்பாக இருக்கும் பட்சத்தில், நேற்று பார்த்த செய்தித் தளத்தின் படமோ வாங்கலாமா என்று யோசித்த புடவையோ அப்படியே திரையில் வந்து நிற்கும். பூட்டும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. அந்தக் கணினியில் உட்காரும் யாரும் பார்க்கலாம்.

அப்படியானால் வங்கிக் கணக்கின் இருப்புத் தொகையும் அங்கே கிடக்குமா? ஒழுங்காக எழுதப்பட்ட வங்கித் தளமென்றால் கிடக்காது. ‘இந்தப் பக்கத்தை எங்கும் சேமிக்காதே’ என்று சர்வர் உத்தரவிட வழி இருக்கிறது. 1999-ல் வந்த இணைய நெறிமுறையிலேயே அது உண்டு. பொறுப்பான தளங்கள் அந்தரங்கமான பக்கங்களோடு அந்த உத்தரவையும் அனுப்புகின்றன. அனுப்ப மறந்த தளத்தை எத்தனையோ பேர் பயன்படுத்திக்கொண்டுதான் இருப்பார்கள், அது வேறு கதை.

எதிரில் இருக்கும் கணினியில் கை வைக்காமலேயே கேஷை வைத்து வேவு பார்க்க முடியும் என்று 2000-ல் காட்டியவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும். அவர்களுடைய யுக்தி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒரு தளம், தன் பக்கத்துக்குள் வேறொரு தளத்தின் லோகோவை ஓசைப்படாமல் கூப்பிடுகிறது. அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தால் அது கேஷில் இருந்து வந்திருக்கிறது, அதாவது இவர் முன்பே அந்தத் தளத்துக்குப் போயிருக்கிறார். தாமதமானால் போனதில்லை. தளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் அடையாளக் குறிப்பான குக்கீ வேண்டாம், அனுமதி வேண்டாம், கடிகாரம் போதும்.

இதை வைத்து ஊரையே கண்டுபிடிக்கலாம் என்று 2014-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இணைய வரைபடத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு பகுதியும் சிறு சிறு சதுரப் படங்களாகத்தான் வந்து கேஷில் உட்காருகிறது. எந்தச் சதுரங்கள் வேகமாக வருகின்றன என்று அளந்தால், இவர் அடிக்கடி எந்தப் பேட்டையைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும். அல்சூர் ஏரிக்கரையின் சதுரம் உடனே வந்து, ஜெயநகரின் சதுரம் தாமதமானால், மேற்கொண்டு சொல்ல என்ன இருக்கிறது? ஜி.பி.எஸ்ஸை அணைத்து வைத்ததில் பயனில்லை.

இதைவிடத் தந்திரமானது ‘ஈ-டேக்’. பிரதி மாறியிருக்கிறதா என்று பிரவுசர் கேட்கும் என்று பார்த்தோமே, அப்போது எந்தப் பிரதி என்பதைச் சொல்ல, சர்வர் முன்பு கொடுத்த ஓர் அடையாளக் குறியைத் திருப்பிக் காட்ட வேண்டும். கோயில் வாசலில் செருப்பு விடும்போது தரும் டோக்கன் மாதிரி. ஒரே கோப்புக்கு எல்லோருக்கும் ஒரே குறி என்பதுதான் முறை. ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு குறி கொடுத்தால்? அடுத்த முறை வந்து அதை நீட்டும்போது, போன வாரம் வந்த அதே ஆள் என்று தெரிந்துவிடும். 2011-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள், கிஸ்மெட்ரிக்ஸ் என்ற கண்காணிப்பு நிறுவனம் இந்த வழியைப் பயன்படுத்தியதை வெளிக்கொணர்ந்தார்கள். குக்கீகளை அழித்தவர்களின் அடையாளத்தையும் கேஷிலிருந்து அது மீட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டே சாமி காம்கர் என்ற நிரலாளர், ஒரே அடையாளத்தைப் பிரவுசரின் பத்துக்கும் மேற்பட்ட மூலைகளில் ஒளித்து வைக்கும் ‘எவர்குக்கீ’யைச் செய்து காட்டியிருந்தார். ஒரு மூலையை விட்டுவிட்டால் போதும், மற்ற எல்லா இடத்திலும் அது மறுபடி முளைத்துவிடும். கேஷில் இருக்கும் ஒரு சிறு படத்தின் வண்ணப் புள்ளிகளும் அந்த மூலைகளில் ஒன்று.

ஆக, ‘கேஷைக் கிளியர் பண்ணு’ என்ற அறிவுரைக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெரும்பகுதி இப்போது இல்லை. பிரவுசர்களின் உட்புறத்தையே பொறியாளர்கள் மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

முன்பெல்லாம் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஒரே கேஷ்தான். ஒரு தளத்துக்காக இறக்கிய எழுத்துருவை இன்னொரு தளமும் எடுத்துக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அறை. சஃபாரி 2013-லேயே இதைத் தொடங்கியது. குரோம் 2020 அக்டோபரில் 86-ம் பதிப்பிலும், ஃபயர்பாக்ஸ் 2021 ஜனவரியில் 85-ம் பதிப்பிலும் பின்தொடர்ந்தன. வேவு பார்க்கும் தளம் இன்னொரு தளத்தின் லோகோவைக் கூப்பிட்டால், அது தன் அறையில்தான் தேடும், அங்கே இருக்காது, போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே தாமதம். கடிகாரம் செல்லாக்காசாகிவிட்டது. இதற்குக் கொடுத்த விலையும் சிறிதுதான். கேஷில் தேடியது கிடைக்காமல் போகும் விகிதம் சுமார் 3.6 சதவீதமும், வலையிலிருந்து இறக்க வேண்டிய தரவு சுமார் 4 சதவீதமும் கூடியதாக குரோம் குழு கணக்குச் சொன்னது. கோடிக்கணக்கானவர்கள் தினமும் பொத்தானை அமுக்கி அடைக்க முடியாத ஓட்டை இது. சில பொறியாளர்களின் வேலையில், யாருக்கும் தெரியாமலேயே அடைபட்டது.

அந்தரங்கத்தைப் பிரவுசருக்குள்ளேயே கட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் பெங்களூரில் முன்பே உதித்தது. இந்நகரின் ஹிட்டன் ரிஃப்ளெக்ஸ் நிறுவனம், ஆலோக் பரத்வாஜ் தலைமையில், 2010 ஜூலையில் ‘எபிக்’ என்ற பிரவுசரை இறக்கியது. ஃபயர்பாக்ஸின் அடித்தளத்தில் கட்டிய அதில் இந்திய மொழிகளில் தட்டச்சு, வைரஸ் தடுப்பு, இந்திய ஓவிய அலங்காரம் என்று கண்ணைக் கவரும் அம்சங்கள் ஏராளம். ‘இந்தியாவின் முதல் பிரவுசர்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. மூன்றே ஆண்டில் நிறுவனம் திசையை மாற்றியது. 2013-ல் வந்த புதிய எபிக், குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டது. அலங்காரங்கள் போயின, அந்தரங்கம் மட்டுமே குறி. எப்போதுமே அந்தரங்க நிலையில்தான் இயங்கும். மூடினால் வரலாறு, குக்கீ, கேஷ் எல்லாம் போய்விடும். பின்தொடரும் நிரல்களையும் தடுத்துவிடும். அழிக்கும் வேலையைப் பயனாளரின் ஞாபகசக்தியிடம் விடக்கூடாது என்ற அந்த முடிவு சரியானது என்பதைப் பிறகு வந்த பெரிய பிரவுசர்கள் மெய்ப்பித்தன. எபிக் மட்டும் பெரிய கூட்டத்தைச் சேர்க்கவில்லை. குரோம் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் போன்களில் இன்னொரு பிரவுசரைத் தேடிப் போடுகிறவர்கள் எத்தனை பேர்? உள்நாட்டுப் பிரவுசருக்காக மத்திய அரசு தன் கணினி ஆய்வு மையமான பெங்களூரு சி-டாக் துணையோடு நடத்திய போட்டியில், 2025 மார்ச்சில் தமிழ்நாட்டின் ஸோஹோ செய்த ‘உலா’ ஒரு கோடி ரூபாய் முதல் பரிசைத் தட்டிச் சென்றது. உலாவுக்கும் காத்திருப்பது அதே சவால்தான்.

இனி அந்தக் ‘கிளியர்’ பொத்தானுக்கு வருவோம். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் குரோம் ஒரு பட்டியலை நீட்டும். அதில் முக்கியமாக மூன்று கட்டங்கள்: எந்தெந்தப் பக்கம் போனோம் என்ற வரலாறு, குக்கீகளும் தளங்களின் தரவும், சேமித்த படங்களும் கோப்புகளும். கடைசிக் கட்டம்தான் கேஷ். மூன்றும் வெவ்வேறு சமாச்சாரங்கள். கேஷை மட்டும் டிக் அடித்து அழித்துவிட்டு, ‘இனி பயமில்லை’ என்று எழுந்துபோகிறவரின் மெயில் திறந்தபடியே இருக்கும். ஏனென்றால் உள்நுழைவைத் தாங்கி நிற்பது குக்கீ.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி கண்டுபிடித்த இந்தக் குக்கீதான் இன்று திருடர்களுக்கு மிகவும் பிடித்த சரக்கு. பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் சரிபார்த்து முடித்ததும், ‘இவர் உள்ளே வந்தவர்தான்’ என்பதற்கு அடையாளமாகத் தளம் ஒரு குக்கீயைக் கொடுக்கிறது. அதைப் பிரதியெடுத்துக்கொண்டு போனால் ஓ.டி.பி.யே தேவையில்லை. 2022 டிசம்பரில் சர்க்கிள்-சி.ஐ. என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல் இப்படித்தான் குக்கீயைத் தூக்கியது. இரட்டைச் சரிபார்ப்பு இருந்தும் திருடர்கள் நிறுவனத்தின் உள் அமைப்புகளுக்குள் நுழைந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ‘லைனஸ் டெக் டிப்ஸ்’ என்ற புகழ்பெற்ற யூடியூப் சேனல் களவாடப்பட்டதும் அதே வழியில்தான். விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான். இவர்கள் கணினி தெரியாதவர்கள் அல்லர், கணினியே தொழிலாக இருப்பவர்கள். இப்படிப்பட்ட தீநிரல்களில் ஒன்றான ‘லும்மா’, 2025 மார்ச் நடுவிலிருந்து இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். குக்கீயை அழிப்பதும் லாக்-அவுட் செய்வதும் ஒன்றல்ல. அழித்தால் நம் பக்கத்துப் பிரதி போகிறது. சர்வரின் பதிவேட்டில் அந்த உள்நுழைவு உயிரோடுதான் இருக்கும். ஏற்கெனவே யாராவது பிரதி எடுத்திருந்தால் அது செல்லுபடியாகும். லாக்-அவுட் கொடுத்தால், ஒழுங்கான தளம் தன் பக்கத்திலும் அதை ரத்து செய்கிறது. ஆகவே முதலில் லாக்-அவுட், பிறகு அழிப்பு. வாட்ஸ்அப் வெப்பைக் கடையில் திறந்துவிட்டு மறந்தவர்கள், போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியைத் துண்டிக்கலாம். கூகுள் கணக்கிலும் எந்தெந்தச் சாதனங்களில் உள்நுழைந்திருக்கிறோம் என்ற பட்டியல் உண்டு. மாதம் ஒரு முறை அதை எட்டிப் பார்ப்பது, தினமும் கேஷை அழிப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

‘இன்காக்னிட்டோ’ திறந்தால் போதுமே என்பார் ஒருவர். சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கீயும் அந்தக் கணினியில் தங்காது என்பது சரிதான். ஆனால் தளத்துக்கும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் நாம் தெரியாமல் போவதில்லை. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததால்தான் 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசத்தின்படி கோடிக்கணக்கான தரவுப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. குக்கீ, கேஷ் எதுவுமே இல்லாமலும் ஆளை அடையாளம் காணலாம் என்பது இன்னொரு பக்கம். திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசரின் பதிப்பு இவற்றைக் கோத்தாலே ஒரு கைரேகை கிடைத்துவிடும். 2010-ல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் சோதித்த சுமார் 4,70,000 பிரவுசர்களில் 83.6 சதவீதத்துக்குத் தனித்துவமான கைரேகை இருந்தது. இந்தக் கைரேகையை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது.

நம் கைக்கு எட்டாத கேஷ்களும் இருக்கின்றன. 2015 கிறிஸ்துமஸ் அன்று ‘ஸ்டீம்’ விளையாட்டுத் தளத்தில் நுழைந்தவர்களில் சிலருக்கு வேறு யாருடைய கணக்குப் பக்கமோ வந்து நின்றது. தாக்குதலைச் சமாளிக்க அவசரத்தில் மாற்றிய கேஷ் அமைப்பு, ஒருவருக்கான பக்கத்தை இன்னொருவருக்குப் பரிமாறிவிட்டது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் அப்படி வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று நிறுவனம் சொன்னது. அவர்கள் தங்கள் கணினியில் எத்தனை முறை கேஷை அழித்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. நிறுவனங்களின் சர்வரில் இருக்கும் நம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை இந்தியாவில் 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கிறது; அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அவையும் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன.

இத்தனையும் பார்த்த பிறகு அல்சூர் கடையின் கணினிக்குத் திரும்பினால், ஆபத்து கேஷில் இல்லை என்பது விளங்கும். அது ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இருக்கிறது. கேஷை அழித்தாலும், குக்கீயை அழித்தாலும், ஏன், இன்காக்னிட்டோவிலேயே இறக்கியிருந்தாலும், இறக்கிய பி.டி.எஃப். அங்கேயே கிடக்கும். அந்த ஃபோல்டரில் ஆதார், பான் கார்டு, மார்க்‌ஷீட், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று முன்பின் தெரியாதவர்களின் வாழ்க்கை அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு உண்டே என்றால், அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். பக்கத்திலேயே கிடக்கும் மார்க்‌ஷீட்டில் இரண்டும் இருக்கும். டெலீட் அமுக்கினாலும் அது ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது. அங்கிருந்தும் அழித்தால், பழைய ஹார்டு டிஸ்க்கில் கோப்பின் முகவரி மட்டுமே அழிகிறது. அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருளால் அதைத் தோண்டி எடுக்கலாம். தடயவியல் ஆய்வகங்களுக்குக் கைகொடுக்கும் அதே குணம் திருடனுக்கும் கைகொடுக்கும்.

இதில் அரசின் விதி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். 2011 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாள அட்டையை வாங்கிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டையும், அந்தக் கணினிகளில் எந்தெந்தத் தளங்கள் பார்க்கப்பட்டன என்ற வரலாற்றையும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கணினிகளுக்கு இடையிலான தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது வரை விதி உண்டு. குற்றம் நடந்தால் ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற கவலை நியாயமானதே. விட்டுப்போன ஆதாரை, மார்க்‌ஷீட்டை என்ன செய்வது என்பது பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

தன் சொந்த மடிக்கணினி வைத்திருப்பவர் தினமும் கேஷை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. டேட்டாவும் பொறுமையும்தான் செலவாகும். பிரவுசரைப் புதுப்பித்து வைத்திருப்பதும், கண்ட கோப்புகளைத் திறக்காமல் இருப்பதும் அதைவிட முக்கியம். தளம் ஏதாவது கோளாறாகத் தெரிந்தால், அல்லது கணினியை விற்கப் போகிறார் என்றால், அப்போது அழிக்கட்டும். கடைக் கணினியில் உட்காருகிறவர் செய்ய வேண்டியது வேறு. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். மாஸ்க்டு ஆதார் போதுமான இடத்தில் அதையே இறக்கவும். எழுவதற்கு முன் லாக்-அவுட், பிறகு டவுன்லோட்ஸ், பிறகு ரீசைக்கிள் பின். அதற்குள் பணம் பறிபோனதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கவும்.

கடைக்காரர்களும் ஒரு காரியம் செய்யலாம். குரோமின் ‘கெஸ்ட்’ நிலையை டெஸ்க்டாப்பில் ஒரு குறுக்குவழியாக வைத்தால், சாளரத்தை மூடியதும் வரலாறும் குக்கீயும் போய்விடும். ராத்திரி ஷட்டரை இழுப்பதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. இரண்டுக்கும் காசு கிடையாது. இணையத் தொடர்பின் பதிவுகளைத் தனியாக வைத்துக்கொண்டால் 2011 விதிக்கும் இது குறுக்கே நிற்காது. அந்த விதிகளை அடுத்த முறை திருத்தும்போது, வாடிக்கையாளர் விட்டுச் சென்ற கோப்புகளை அன்றன்றே அழிக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் மத்திய அரசு சேர்க்க வேண்டும்.